மாச்சட்டிக்குள் வந்த ராஜ்யம்

எனக்கு அது பிடிபட்டது எங்கள் குசினிக்குள்.

ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம். முகம்கூடக் கழுவாமல் தேத்தண்ணிக்காக உள்ளே எட்டிப் பார்த்தேன். அம்மா அடுப்பில் அப்பச்சட்டியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். மூலையில் மாச்சட்டி இருந்தது. முதல் நாள் பின்னேரம் நான் பார்த்தபோது அதில் மா அரைச்சட்டிதான். இப்போது அது மூடியிருந்த தட்டை ஒரு பக்கம் சரித்துவிட்டு, விளிம்பால் வழிந்து, நிலத்தில் சின்னக் குளம் கட்டியிருந்தது. ஒருவரும் தொடவில்லை. ஒருவரும் கிண்டவில்லை. வீடு முழுவதும் நித்திரையாய்க் கிடக்க, இது தன்பாட்டில் வேலை செய்திருக்கிறது.

"அம்மா! இதுதான்! இதுதான் தேவனுடைய ராஜ்யம்!" என்று கத்திவிட்டேன்.

"விடியக்காலமை என்னடா கத்துறாய்? தட்டை எடுத்து அங்காலை வை. மாவைக் காலாலை உழக்கிப் போடாதை."

நான் அப்படிக் கத்தியதற்குக் காரணம் இருக்கிறது. வருசத்தில் ஒரு ஞாயிறு எங்கள் சபையில் பிரசங்க மேடையை ஒரு வாலிபனுக்குக் கொடுப்பார்கள். இந்தமுறை அது எனக்கு. நானாகத்தான் போய்க் கேட்டு வாங்கினேன். ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த காலம். கையில் நேரமும் வாயில் பேச்சும் நிறையக் கிடந்தன. எங்கள் போதகர், "தேவனுடைய ராஜ்யம் எண்டதைப் பற்றிப் பேசும் தம்பி. நல்லாய் வந்தால் மற்றச் சபையளுக்கும் உம்மை அனுப்பலாம்" என்றார். எனக்கு அதற்குமேல் வேறென்ன வேண்டும்? வாங்கில் சாய்ந்திருக்கும் சனத்தை ஒரு தரமாவது நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும். அதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே ஆசை.

ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. சிம்மாசனம், முடி, கொடி, எல்லை என்று தாள் தாளாக நிரப்பினேன். அவ்வளவும் செத்த எழுத்து. அப்போது ராஜ்யம் என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது. வாசிகசாலையில் இளைஞர்கள் சுயராஜ்யம் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் பிரித்தானிய சாம்ராஜ்யத்தின் படத்தில் சிவப்பு நிறம் காட்டினார்கள். எனக்கோ மூன்றாவதாக ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது. சுவிசேஷத்தைத் திறந்தால் இன்னும் ஆத்திரம் வரும். ராஜ்யம் என்றால் என்ன என்று எந்த இடத்திலும் நேரே சொல்வதில்லை. ஒருக்கால் ஆண்டவர் அதை விதை என்கிறார். ஒருக்கால் வலை. பிறகு முத்து, நிலத்தில் புதைத்த பொக்கிஷம், ஒரு பொம்பிளை பிசைந்த மா. கேட்டது ராஜ்யம், கிடைப்பது பலசரக்கு.

அதிலும் அந்தக் கடுகு. கடுகு வளர்ந்து மரமாகிக் குருவிகள் வந்து தங்குமாம். எங்களுக்குக் கடுகு தாளிக்கத்தான் தெரியும். கொடிகாமச் சந்தைக்குப் போயிருந்தபோது ஒரு கடைக்காரரிடம், கடுகுமரம் எவ்வளவு உயரம் வளரும் என்று மெய்யாகவே கேட்டேன். "தம்பி, வாங்கிறதெண்டால் வாங்கும். இல்லாட்டி வழியை விடும், பின்னாலை ஆக்கள் நிக்கினம்" என்றார்.

புளித்த மா உவமைக்கும் அதே கதிதான். எனக்குப் புத்தி தெரிந்த நாள்முதல் அதை விளக்கிய பிரசங்கிமார் எல்லாரும் பாண் என்கிற கடை ரொட்டியைத்தான் சொன்னார்கள். பாணுக்கு மா புளிக்கவைக்கிற மாதிரி, என்பார்கள். பாண் பட்டணத்து வெதுப்பகத்தில் ஆம்பிளைகள் போடுகிற சாமான். எங்கள் ஊரில் காய்ச்சல்காரர் சாப்பிடுவது. அது எப்படிப் பொங்குகிறது என்று எங்கள் சபையில் ஒரு பெண்ணாவது கண்ணால் கண்டிருப்பாளா?

இதையெல்லாம் யோசித்து அலுத்துப்போன நிலையில்தான் அந்த ஞாயிறு மாச்சட்டி தன் மூடியைத் தள்ளிவிட்டு நின்றது.

சரி, அந்த மாவைப் பொங்கவைத்தது எது? இங்கேதான் கரைச்சல் தொடங்குகிறது. கள்ளு.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா எங்கள் பின்வேலியின் பொட்டுக்குள் ஒரு வெறும் போத்தலை வைப்பார். பொட்டு என்றால் ஆள் குனிந்து போகிற அளவுக்கு வேலி ஓலையில் விட்டிருக்கிற ஓட்டை. பொழுதுபடமுன் போத்தல் நிறைந்திருக்கும். வேலிக்கு அப்பால் பனைகளில் கள்ளிறக்குகிறவர் நிரப்பிவிட்டுப் போவார். அவர் உள்ளே வருவதில்லை, நாங்கள் அவரைக் காண்பதுமில்லை. அம்மா அதை மாவில் விட்டுக் குழைத்து, போத்தலைக் கழுவி, விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்.

ஒளிக்கக் காரணம், அம்மா எங்கள் சபையின் மாதர் மதுவிலக்குச் சங்கத்துக் காரியதரிசி. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, கள்ளுச் சாராயத்தைக் கையாலும் தொடோம் என்ற வாக்குறுதியை அவர்தான் உரத்து வாசிப்பார். மற்றப் பெண்கள் பின்னால் சொல்லுவார்கள். சட்டையில் வெள்ளை நாடா குத்தியிருப்பார். அந்த வருசம் எங்கள் பகுதிக் கள்ளுத் தவறணையை மூடவேண்டும் என்று வாக்கெடுப்புக்கு ஆயத்தம் நடந்தது. நானும் பதாகை பிடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்த் தொண்டை கட்டக் கத்தினவன்தான். குடித்துவிட்டு வந்து பெண்சாதியை அடிக்கிறவனைக் கண்டிருக்கிறேன். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

அம்மாவிடம் முன்பு ஒருமுறை கேட்டதுண்டு. "குடிக்கிறேல்லை எண்டுதான்ரா சங்கம். அப்பம் சுடுறேல்லை எண்டு சங்கம் இல்லை" என்றார். அத்தோடு வழக்கு முடிந்தது. எங்கள் ஒழுங்கையில் எந்தெந்த வேதக்கார வீட்டு வேலியில் பொட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பொட்டு இல்லாத வீட்டைச் சொல்லுவது அதைவிடச் சுகம்.

ஆராதனை முடிய எங்கள் வீட்டில் அப்பம் சாப்பிடுவது வழமை. போதகர் வருவார். சபை மூப்பரில் ஒருவரான மலாயாப் பென்சனியரும் வருவார். மலாயாவில் ரயில் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். மதுவிலக்குக்கு ஊரில் தலைவர் அவர்தான். அப்பத்தின் முறுகின விளிம்பை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "தங்கச்சியின்ரை கைராசி கைராசிதான். பஞ்சு மாதிரி" என்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வார். அந்தக் கைராசி எங்கே கிடக்கிறது என்று குசினியில் உள்ள விறகுக்கும் தெரியும்.

இப்படியிருக்க அந்த உவமையை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு பெண். மா. அவள் அதற்குள் எதையோ ஒளித்து வைக்கிறாள். முழுவதும் பொங்குகிறது. என் அம்மாவின் சனிக்கிழமைதான் அது! போதகரின் அலுமாரியில் இருந்த தடித்த விளக்கவுரையை வாங்கிப் படித்தேன். அதில் இன்னும் வெடி இருந்தது. பஸ்காப் பண்டிகைக்கு முன் யூதச் சனம் வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தேடிப் புளித்த மாவை வெளியே கொட்டுவார்களாம். புளிப்பு என்றால் அவர்களுக்குக் கெட்டதன் பெயர். அப்படியானால் இந்த உவமையைக் கேட்ட அன்று அவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். வீட்டைவிட்டு எதைத் துடைத்து எறிந்தார்களோ, அதைக் கொண்டுவந்து பரலோக ராஜ்யம் என்று முன்னால் வைத்திருக்கிறார். பாணைச் சொன்னால் ஆருக்குத் தூக்கிவாரிப் போடும்? கள்ளைச் சொன்னால்தான் எங்கள் சபை அந்தச் சனம் இருந்த இடத்தில் இருக்கும். 

என் பிழை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வாலிபர் கூட்டத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.  கூரை பறக்கச் சிரித்தார்கள்.

"சுயராச்சியம் வரமுந்திக் கள்ளு ராச்சியம் வரப்போகுது!"

"காணிக்கைத் தட்டுக்குப் பதிலாய்க் கள்ளுக் குடிக்கிற பிளா கொண்டு வருவினமோ?"

சிரிக்கட்டும், ஆனால் ஒருவனாவது அந்தக் கருத்தைத் தொட்டுப் பார்த்தானா? இல்லை. வீட்டுக்கு வந்தால் அண்ணை அதற்கு முன்னமே செய்தி கேட்டுவிட்டு நிற்கிறார். "டேய், தவறணையை மூடச் சொல்லிக் கத்தினவனும் நீ, கோயிலுக்குள்ளை திறக்கப்போறவனும் நீயோ? ஏதோ, நல்ல கூட்டம் வரும்."

அடுத்த நாள் பின்னேரம் பென்சனியர் குடையும் கையுமாக வந்து எங்கள் விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா உள்ளே கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியும்.

"தம்பி, நீர் பரலோக ராச்சியத்தைக் கள்ளுக்கு ஒப்பிடப் போறீராம். மெய்யோ?"

"ஓம் ஐயா. மாவைப் பொங்கவைக்கிறது எங்கடை ஊரிலை அதுதானே."

"எந்த மாவை?"

"அப்பமாவை, ஐயா."

"அப்பத்துக்கு அப்பச்சோடா எல்லோ போடுறது."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். எங்காவது ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. போன ஞாயிறு எங்கள் வீட்டில் மூச்சு வாங்க வாங்க அப்பம் சாப்பிட்ட மனிதர். அவர் வீட்டுப் பின்வேலிப் பொட்டு எங்களுடையதைவிடப் பெரிது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என் எரிச்சல். தன் வீட்டு அப்பம் சோடாவில்தான் எழும்புகிறது என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். நம்பாமல் இருக்க அவர் ஒருநாளும் குசினிக்குள் போனதில்லை.

"ராச்சியம் எண்டால் என்ன தெரியுமோ தம்பி?" என்று தொடங்கினார். "ஒழுங்கு. நான் வேலை செய்த பகுதியிலை மேலிடத்திலை இருந்து ஒரு கட்டளை வரும். கடைசி ஸ்டேஷனிலை பச்சைக்கொடி காட்டுறவன் வரைக்கும் அது அப்பிடியே நடக்கும். ஒரு நிமிஷம் பிசகாது. அதைச் சொல்லும். சனத்துக்கு விளங்கும்."

"சுவிசேஷத்திலை கட்டளை எண்டு இல்லையே ஐயா. மாவுக்கை ஒளிச்சு வைச்சாள் எண்டுதானே கிடக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். இவன் சின்னப் பெடியன், வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்திருப்பார். "சரி, உமக்குப் பனையிலை இருந்து வாறதுதான் வேணுமெண்டால், கருப்பணி எண்டு சொல்லுமன்."

கருப்பணி என்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி இறக்குகிற இனிப்புப் பதநீர். சுண்ணாம்பு இருப்பதால் அது புளிக்காது, வெறிக்காது. மதுவிலக்குக்காரர் எல்லாரும் தாராளமாகக் குடிப்பது.

"கருப்பணியிலை மா பொங்காது ஐயா!"

"பிரசங்கத்திலை பொங்கினால் என்ன, பொங்காட்டில் என்ன? ஆர் சட்டியைத் திறந்து பாக்கப்போகினம்?"

எனக்கு எழுந்து ஓடவேண்டும் போல் இருந்தது. பொங்குவதற்காக மட்டுமே அந்த உவமை இருக்கிறது. பொங்காத ராஜ்யம் ஒன்றை எல்லாருமாகச் சேர்ந்து சுண்ணாம்பு தடவி வைத்திருக்கிறார்கள், அதைச் சொன்னால் போதுமாம்.

அவர் படலையைத் தாண்டியதும் அம்மா வெளியே வந்தார்.

"உன்ரை பரலோக ராச்சியத்துக்கு ஊரிலை வேறை சட்டி கிடைக்கேல்லையே?"

"அம்மா, நான் உங்கடை பேர் சொல்லமாட்டன்."

"ஒரு ஸ்திரீ எண்டு சொல்லுவியெல்லே? கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பாக்கும். பேந்து வெள்ளிக்கிழமை நான் எழும்பி நிண்டு எந்த வாயாலை வாசிக்கிறது?"

"எல்லாருடைய வீட்டிலையும்தானே கள்ளு விடினம்."

"விடட்டும். எல்லாருடைய மோனும் மேடையிலை ஏறிச் சொல்லேல்லை."

 சொல்லாவிட்டால் என் பிரசங்கம் செத்தது. சொன்னால் சங்கத்துப் பெண்களுக்கு முன்னால் அம்மா தலை நிமிர்த்த முடியாது. கோபத்தில் அம்மாவுடன் வாதாடினேன், வாதாடியதில் இன்னும் கோபம் வந்தது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சொன்னதிலும்தான்.

போதகரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், அதுவே பெரிய தொல்லை. என் தாள்களை முழுவதும் படித்தார். சில இடங்களில் தலையை ஆட்டினார். கடைசியில் சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்த ஒரு பந்தியை மட்டும், நோகாமல், குறுக்கே கோடிட்டார்.

"பிழையோ, ஐயா?"

"பிழை இல்லைத் தம்பி. நல்ல விளக்கம். நான் இவ்வளவு காலத்திலை இப்பிடி யோசிக்கேல்லை."

"அப்ப ஏன் வெட்டினனீங்கள்?"

"சரியானதெல்லாம் மேடையிலை சொல்லுறதில்லை."

"அப்ப எங்கை சொல்லுறது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பாண் எண்டு போடும். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அம்மா வேலிப் பொட்டில் போத்தல் வைக்கவில்லை. கடையில் அப்பச்சோடா வாங்கிவரச் சொல்லி என்னையே அனுப்பினார். பின்னேரம் கிணற்றடியில் நின்றபோது வேலிக்கு அப்பால் குரல் கேட்டது. அவ்வளவு காலம் போத்தல் நிரப்பியவருடைய குரலை அன்றுதான் கிட்டக் கேட்டேன்.

"நயினார், அம்மாவுக்குச் சுகமில்லையோ? போத்தலைக் காணேல்லை."

"சுகமாய்த்தான் இருக்கிறா. நயினார் எண்டு கூப்பிட வேண்டாம் எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன்."

"ஓம் நயினார்."

இவரிடமாவது சொல்லித் தொலைப்போம் என்று முழுக் கதையையும் வேலிக்கு இப்பால் நின்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப என்ரை கள்ளைப் பற்றி உங்கடை கோயிலிலை கதைக்கப் போறியள். நல்லதாயோ, கூடாததாயோ?"

"நல்லதாய்."

"அட." வேலிக்கு அப்பால் முட்டியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. "அதை என்ரை பொஞ்சாதியே நம்பமாட்டாள். அது கிடக்கட்டும், நாளைக்கு அப்பத்துக்கு என்ன செய்யப் போறியள்?"

"சோடா."

"பாவங்கள்," என்றுவிட்டுப் போய்விட்டார்.

வாலிபர் ஞாயிறு வந்தது.  பெண்கள் பக்கத்தில் அம்மா முன் வாங்கில் இருந்தார். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே வெள்ளை நாடாவைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். தொடக்கம் நன்றாகத்தான் போனது. சிவப்புக் கோடு விழுந்த பந்திக்கு வந்தேன். அந்தக் கோட்டுக்குக் கீழே என் எழுத்து அப்படியே தெரிந்தது. வாசித்துவிட்டால் முடிந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமையில் மா குழைக்கிற கைகள்.

"பாணுக்கு மா புளிக்கவைப்பது போல..." என்றேன்.

அதற்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்கவில்லை. காற்று அளவெட்டிப் பக்கம் இருந்து சைவக் கோயில் மேளத்தைக் கொண்டுவந்தது. சனத்தின் காது அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கே அதைக் கேட்கத்தான் ஆசையாய் இருந்தது. பின்வாங்கில் ஒரு கமக்காரர் நாடி நெஞ்சில் முட்ட நித்திரை. பென்சனியர் மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், ரயில் நேரத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி. வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமையான பிரசங்கம் தம்பி. ஒருத்தருக்கும் மனம் நோகேல்லை."

நான் சபையை நிமிரவைக்க வேண்டும் என்று வந்தவன். ஒருவருக்கும் நோகவில்லையாம். அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பிறகு வழமைபோல வீட்டில் அப்பம். அம்மா தட்டுக்களைக் கொண்டுவந்து வைத்தார். அப்பமா அது? மஞ்சள் பூத்து, தட்டையாய், சோடா மணத்தோடு, தோல் துண்டு போலக் கிடந்தது. அண்ணை ஒன்றைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். போதகர் சம்பலை நிறையப் போட்டுக்கொண்டார். பென்சனியர் மென்றார். திரும்பவும் மென்றார். ஒரு பக்கக் கன்னத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்கு மாற்றினார்.

"தங்கச்சி," என்றார் கடைசியில், "இண்டைக்கு அப்பம் எழும்பேல்லைப் போலை கிடக்கு."

அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"ஓம் ஐயா. பரலோக ராச்சியத்தை வெளியிலை விட்டிட்டுச் சுட்டனான். அதுதான் எழும்பேல்லை."

போதகருக்குப் புரையேறியது. இருமலா சிரிப்பா என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் வர, செம்பைத் தேடினார். அண்ணை எழுந்து முற்றத்துக்கு ஓடினார். நான் அப்பத்தைக் கையில் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மேடையில் நின்று சொல்ல முடியாமல் விழுங்கியதை, இவர் அகப்பையோடு நின்று சொல்லிவிட்டார்.

பென்சனியர் மட்டும் அசையவில்லை. நீளமாக யோசித்துவிட்டு, "அப்பச்சோடா பழசாய்ப் போச்சோ தெரியாது," என்றார்.

பார்த்தீர்களா? அப்போதுகூட! ஆனால் போகும்போது, செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் சொன்னார்: "தங்கச்சி, வாற ஞாயிறு... வழமை மாதிரியே சுடுங்கோ. இந்தச் சோடா வயித்துக்குக் கூடாது." வழமை என்றால் எது என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நான் சொன்னால் மானம் போகும் எண்டனீங்கள். இப்ப நீங்களே மூப்பருக்கு முன்னாலை சொல்லிப்போட்டியளே?"

"நான் அப்பத்தைப் பற்றித்தான் கதைச்சனான். நீ எதைப் பற்றிக் கதைக்கிறாய்?"

இந்த வீட்டில் ஒரு மனிதருடனும் நேரே கதைக்க முடியாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை போத்தல் மறுபடி பொட்டுக்குப் போனது. அதைக் கழுவினபின் அம்மா விறகுக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை. யன்னல் விளிம்பில், வெளிச்சத்தில், கவிழ்த்து வைத்தார். நான் அதைப் பார்த்ததைக் கண்டும் காணாத மாதிரித் திரும்பிக்கொண்டார்.

அதிலிருந்து எனக்கு இன்னொரு யோசனை. பிரசங்கம் வேண்டாம். பிரசங்கத்தில் கோடு போடலாம், பாண் என்று மாற்றலாம், ஒருவருக்கும் நோகாமல் பண்ணலாம். அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை வருகிறது. சனிக்கிழமை பின்னேரமே சனம் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து கோயில் மேசைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகும். நெல், வாழைக்குலை, வெங்காயப் பிடி, பென்சனியரின் பூசணிக்காய். அந்தப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் நான் எங்கள் மாச்சட்டியை வைக்கப்போகிறேன். ஒரு சொல்லும் பேசமாட்டேன். ஞாயிறு காலமை முதல் பாட்டுக்கு எல்லாரும் எழும்பி நிற்கும்போது அது மூடியைத் தள்ளிவிட்டு நிற்கும். பிறகு ஆரும் சட்டியைத் திறந்து பார்க்கத் தேவையில்லை.

அம்மாவிடம் சொன்னேன்.

"விசரோடா உனக்கு? கோயிலுக்குள்ளை கள்ளுமாவோ?" என்றுவிட்டு அடுப்பை ஊதப் போனார். நான் விடாமல் நின்றேன். ஊதிக்கொண்டே கேட்டார். "வேதத்திலை எத்தினை படி மா எண்டு கிடக்கு?"

"மூண்டு படி."

"இந்தச் சட்டி காணாது. அந்தப் பெரிய பானையை இறக்கிக் கழுவி வை. கீழை சாக்கு ஒண்டு விரி. மேசைச் சீலை மாதர் சங்கம் தைச்சது, பழுதாக்கிப் போடாதை."

பானையை இறக்கிவிட்டேன். கள்ளிறக்குகிறவரிடமும் வேலிக்கு இப்பால் நின்று சொல்லியிருக்கிறேன்: அந்தச் சனிக்கிழமை பொட்டில் வைக்கவேண்டாம், முன்வாசல் படலையால் வந்து அம்மாவின் கையில் கொடுங்கள் என்று. "பேந்து பாப்பம் நயினார்" என்கிறார். இனி அவரோடு ஒரு மாதம் மல்லுக்கட்ட வேண்டும். பானையின் மூடியை இறுக்கிக் கட்டுவதில்லை என்று மட்டும் இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறேன்.